டவி ஆற்றை எதிர்த்து மூன்று நாள்: வேல்ஸின் சந்தை ஊர்களுக்கும் கோட்டைகளுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

வேல்ஸுக்குக் கோட்டை பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் வடக்கே கார்னார்வன், கான்வி என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவை பிரமாண்டமான கோட்டைகள்தான். ஆனால் அவற்றைக் கட்டியவன் இங்கிலாந்து அரசன் முதலாம் எட்வர்ட். பிடித்த நாட்டை அடக்கி வைக்க எழுப்பியவை அவை. வேல்ஸின் சொந்த அரசர்கள் வாழ்ந்த, அண்ணன் தம்பிகளாகத் தமக்குள் அடித்துக்கொண்ட, கடைசியில் பறிகொடுத்த கோட்டைகளைப் பார்க்க வேண்டுமென்றால் தென்மேற்கே டவி ஆற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

டவி முழுக்க முழுக்க வேல்ஸுக்குள்ளேயே பிறந்து அங்கேயே கடலில் கலக்கும் ஆறு. அப்படிப்பட்ட ஆறுகளில் இதுவே நீளமானது. சுமார் 120 கி.மீ. அதன் கரையில் கீழே கார்மார்த்தன், நடுவே லான்டேய்லோ, மேலே லான்டவரி என்று மூன்று சந்தை ஊர்கள். கீழ் ஊருக்கும் மேல் ஊருக்கும் இடையே ஏறக்குறைய 45 கி.மீ. அதற்குள் ட்ரஸ்லுயின், டினெவர், காரெக் கென்னென் என்று மூன்று பாறைக் கோட்டைகள். காரில் ஒரே நாளில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வந்துவிடலாம். அப்படிச் செய்யாதீர்கள். மூன்று நாள் ஒதுக்குங்கள்; கீழிருந்து மேலாக, ஆற்றை எதிர்த்துப் போங்கள். அந்த வரிசையில் போனால் ஒவ்வோர் ஊரும் ஏன் அங்கே இருக்கிறது என்பது யாரும் சொல்லாமலே விளங்கும்.

கிளம்பும் முன்

மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். எந்த மாதமானாலும் மழைக்கு ஆயத்தமாகப் போங்கள். குடையை மறந்துவிடுங்கள், கோட்டை உச்சியில் காற்று அதைத் திருப்பிப் போட்டுவிடும். தலையை மூடும் மழைச் சட்டை வேண்டும். செருப்போ வழுவழுப்பான அடிப்பாகம் உள்ள காலணியோ வேண்டாம். மூன்று கோட்டைகளுக்கும் ஈரப் புல்லில் ஏற வேண்டியிருக்கும். கைவிளக்கு ஒன்று கட்டாயம். ஏன் என்று மூன்றாம் நாளில் சொல்கிறேன்.

லண்டனின் பாடிங்டன் நிலையத்திலிருந்து கார்மார்த்தனுக்கு ரயிலில் நான்கு மணி நேரம் அளவில் ஆகும். பெரும்பாலான நேரங்களில் கார்டிஃபிலோ ஸ்வான்சீயிலோ மாற வேண்டும். காரில் வருகிறவர்கள் எம்4 நெடுஞ்சாலையை அது முடியும் இடம்வரை பிடித்து, பிறகு ஏ48 வழியே கார்மார்த்தன் சேரலாம். அங்கிருந்து ஏ40 சாலை பள்ளத்தாக்கின் வடகரையோரமாக லான்டவரி வரை போகிறது. ஆனால் லான்டேய்லோ வரை தென்கரையோரம் ஓடும் பி4300 என்ற சின்னச் சாலைதான் என் தேர்வு. வேகம் குறையும், வளைவு அதிகம். பாதித் தூரம் ஆறு கூடவே வரும். நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவதால் பழகுவது எளிது. உள்சாலைகள் ஒரே வண்டி போகும் அகலம்தான்; எதிரே வண்டி வந்தால், ஒதுங்குவதற்கென்று விட்டிருக்கும் இடம்வரை யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வழிவிட்டவருக்குக் கையை உயர்த்தி நன்றி சொல்வது அங்கே கட்டாய மரியாதை.

கார் இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. மூன்று ஊர்களையும் பஸ் இணைக்கிறது. லான்டேய்லோவும் லான்டவரியும் ஸ்வான்சீயிலிருந்து ஷ்ரூஸ்பரி வரை போகும் 'வேல்ஸின் இதயப் பாதை' என்ற ரயில் வழியில் இருக்கின்றன. கார்மார்த்தன் அந்தப் பாதையில் இல்லை. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். நாளொன்றுக்கு ஒருசில ரயில்களே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் சில மணி நேரம் போய்விடும். ஆகவே, முதலில் ரயில் நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, மற்றதை அதைச் சுற்றித் திட்டமிடுங்கள். இடையிலுள்ள பல சிறு நிலையங்களில் கைகாட்டினால்தான் ரயில் நிற்கும். ஞாயிறன்று பஸ்ஸும் ரயிலும் இன்னும் குறையும். ட்ரஸ்லுயினுக்கும் காரெக் கென்னெனுக்கும் டாக்சிதான். முதல் நாள் மாலையே சொல்லி வையுங்கள்.

தங்குவதற்கு லான்டேய்லோவைச் சொல்வேன். அது நடுவில் இருக்கிறது, மூன்று கோட்டைகளும் அதைச் சுற்றியே இருக்கின்றன. முதல் இரவு மட்டும் கார்மார்த்தனில் தங்கினால் காலைச் சந்தையை நிதானமாகப் பார்க்கலாம்.

நுழைவுக் கட்டணம் பெரிய செலவில்லை. கார்மார்த்தன், ட்ரஸ்லுயின், டினெவர், லான்டவரி ஆகிய நான்கு கோட்டைகளுக்கும் கட்டணமே இல்லை. காரெக் கென்னெனுக்கு மட்டும் டிக்கெட் எடுக்க வேண்டும். வேல்ஸ் அரசின் தொல்லியல் பாதுகாப்புத் துறைக்கு 'காடூ' என்று பெயர். வேல்ஸ் மொழியில் அதற்குக் 'காத்தல்' என்று பொருள். வேல்ஸ் முழுவதும் சுற்றுகிறவர்கள் காடூவின் பல நாள் பாஸ் வாங்கினால் லாபம். இந்தப் பள்ளத்தாக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

பெயர்களை வாய்க்குப் பழக்குங்கள்

இதைத் தனிப் படியாகவே சொல்கிறேன். இந்தப் பகுதியில் வேல்ஸ் மொழி கடையிலும் பஸ்ஸிலும் உயிரோடு பேசப்படுகிறது. ஊர்ப் பெயரைச் சரியாகச் சொல்லிப் பாருங்கள், எதிரிலிருப்பவரின் முகமே மலர்ந்துவிடும்.

'லான்' என்று நான் எழுதுவதில் வரும் முதல் எழுத்து நம் லகரம் இல்லை. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்து, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊதுங்கள். அதுதான் அந்த ஒலி. 'லான்' என்றால் தேவாலய வளாகம். 'காய்ர்' என்றால் அரண். 'காரெக்' பாறை, 'பாண்ட்' பாலம், 'அபர்' ஆறு வேறு நீரோடு கலக்கும் முகம்.

புணர்ச்சி விதி படித்த நமக்கு இந்த மொழியில் ஓர் இன்பம் காத்திருக்கிறது. சொற்கள் சேரும்போது முதலெழுத்து மாறும். மர்தின் என்பவரின் அரண் 'காய்ர்வர்தின்' ஆகிறது, மகரம் வகரமாகிவிட்டது. அதுதான் ஆங்கிலேயர் வாயில் கார்மார்த்தன். டேய்லோ என்ற துறவியின் வளாகம் லான்டேய்லோ. தனியே வரும்போது வல்லொலியான அந்த 'ட', 'லான்' முன்னால் வந்ததும் மெலிகிறது. னகரத்துக்குப் பின்னால் வரும் டகரத்தை நாமும் மெலித்துத்தான் ஒலிக்கிறோம், ஆனால் எழுத்தை மாற்றுவதில்லை. அவர்கள் எழுத்தையே மாற்றி எழுதுகிறார்கள். காரணம் வேறு, காதில் விழுவது ஒன்றுதான்.

காலை வணக்கத்துக்கு 'போரெ டா'. இதை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

முதல் நாள் காலை: கார்மார்த்தன்

வேல்ஸின் மிகப் பழைய ஊர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஊர் இது. ரோமானியர் காலத்தில் மொரிடுனும்; 'கடற்கோட்டை' என்று பொருள். அந்தப் பெயரே மருவி மர்தின் ஆகி, பிறகு அப்படி ஒரு மனிதர் இருந்தார் என்று மக்கள் எண்ணத் தொடங்கி, அவரே கதைகளில் வரும் மந்திரவாதி மெர்லின் ஆனார் என்று மொழியறிஞர்கள் விளக்குகிறார்கள். ஊருக்கு மனிதன் பெயர் வைப்பது உலக வழக்கம். இங்கே ஊர்ப்பெயரிலிருந்து ஒரு மனிதனே பிறந்திருக்கிறான்.

முதலில் சந்தைக்குப் போங்கள். உள்ளரங்கச் சந்தை கிழமை நாட்களிலும் சனிக்கிழமையும் நடக்கும். புதனும் சனியும் களைகட்டும் நாட்கள். உப்பிட்டுக் காற்றில் உலர்த்திய கார்மார்த்தன் பன்றித்தொடைக் கறி, வெந்த சிப்பிச் சதை, கறுத்த கூழ் போன்ற கடற்பாசி ஆகியவை இந்தக் கரையின் உணவுகள். கடற்பாசிக்கு 'பாரா லவர்' என்று பெயர். ஓட்ஸ் மாவில் புரட்டித் தட்டையாகப் பொரித்துத் தருவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: 'வெல்ஷ் கேக்' என்ற உலர்திராட்சை அப்பத்தைச் சிலர் வெண்ணெயில் செய்வார்கள், சிலர் பன்றிக் கொழுப்பில் செய்வார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். தோசைக்கல் போன்ற தடித்த இரும்புத் தட்டில் போட்டு இருபுறமும் திருப்பி, சூடாக இருக்கும்போதே சர்க்கரை தூவித் தருகிறார்கள். விளிம்பு மொறுமொறுப்பாகவும் நடு மெத்தென்றும் இருக்கும். பாலாடைக்கட்டியும் லீக் தண்டும் சேர்த்துச் செய்யும் 'கிளமார்கன் சாசேஜ்' பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம், அதில் இறைச்சி கிடையாது.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் நாட் சதுக்கம். கோட்டையின் வாயில் கோபுரம் அங்கேதான். வேல்ஸ் தலைவர் ஓவெய்ன் கிளின்டூர் இங்கிலாந்துக்கு எதிராக எழுந்தபோது அவர் படைகள் இந்தக் கோட்டையைப் பிடித்தன. அதற்குப் பிறகு 15-ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டிய வாயில் இது. உள்ளே எஞ்சியிருப்பது கொஞ்சம்தான். கோட்டை நெடுங்காலம் சிறைச்சாலையாக இருந்தது. இன்று வளாகத்தின் பெரும்பகுதியில் மாவட்ட நிர்வாகக் கட்டடம் நிற்கிறது. அரை மணி நேரம் போதும்.

சதுக்கத்தில் இன்னும் சற்று நில்லுங்கள். நடுவில் நிற்கும் வெண்கலச் சிலை ஜெனரல் வில்லியம் நாட்டுடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் வளர்ந்து, முதல் ஆப்கன் போரில் பெயர் எடுத்தவர். அந்தச் சிலையை வார்த்த வெண்கலம், 1843-இல் குவாலியருக்கு அருகே மகாராஜ்பூர் போரில் கைப்பற்றிய பீரங்கிகளிலிருந்து வந்தது. குவாலியர் பீரங்கி வேல்ஸ் சந்தைச் சதுக்கத்தில் மனித உருவாக நிற்கிறது. இந்தியாவிலிருந்து போகிறவர் அதைத் தொட்டுப் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது என்பது என் எண்ணம். இதே இடத்தில்தான் 1555-இல் ராபர்ட் ஃபெரர் என்ற ஆயரைச் சமயக் கொள்கைக்காக உயிரோடு எரித்தார்கள்.

ஊரின் கிழக்கு முனையில் ரோமானிய அரங்கத்தின் புல் மூடிய வட்டம் இருக்கிறது. அதைத் தாண்டி மூன்று கி.மீ. அளவில் அபர்குயிலி என்ற சிற்றூர். அங்கே ஆயரின் பழைய மாளிகை இப்போது மாவட்ட அருங்காட்சியகம். இங்கே இருந்துதான் ரிச்சர்ட் டேவிஸும் வில்லியம் சேல்ஸ்பரியும் புதிய ஏற்பாட்டை வேல்ஸ் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். அது 1567-இல் அச்சானது. ஆங்கிலம் ஆட்சி மொழியான நாட்டில் வேல்ஸ் மொழி அழியாமல் தப்பியதில் அந்த மொழிபெயர்ப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. மொழியை நேசிப்பவர்களுக்கு இது கோட்டைக்குச் சமமான இடம்.

ஆற்றங்கரையில் பரிசலைத் தேடுங்கள். ஆம், நம் ஒகேனக்கல் பரிசலின் உறவுதான். மூங்கிலுக்குப் பதில் மெல்லிய மரச் சட்டங்களைப் பின்னி, துணி போர்த்தித் தார் பூசுகிறார்கள். வட்டமாக இல்லாமல் சற்று நீளவாக்கில், ஒரே ஆள் உட்காரும் அளவு. கரைக்கு வந்ததும் வாரைத் தோளில் மாட்டி முதுகில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார்கள். பின்னாலிருந்து பார்த்தால் ஆமை எழுந்து நடப்பதுபோல் இருக்கும். இரவில் இரண்டு பரிசல்கள் நடுவே வலையைக் கட்டி இழுத்தபடி ஆற்றோடு இறங்கி, 'சூவின்' என்ற கடல் ட்ரவுட் மீனைப் பிடிப்பது இங்கே தலைமுறைத் தொழில். இப்போது உரிமம் சிலருக்கே இருக்கிறது. மீன் கிடைக்கும் பருவத்தில் உணவகத்தில் 'சூவின்' என்று எழுதியிருந்தால், அசைவர்கள் வேறெதையும் யோசிக்க வேண்டாம்.

முதல் நாள் மாலை: பாக்ஸ்டன் கோபுரமும் ட்ரஸ்லுயினும்

பி4300 சாலையில் கிழக்கே போகும்போது வலப்பக்கக் குன்றின் மேல் முக்கோண வடிவக் கோபுரம் ஒன்று தெரியும். வில்லியம் பாக்ஸ்டன் என்பவர் கட்டியது. கல்கத்தாவில் கம்பெனியின் நாணயச் சாலையில் பணியாற்றி, வணிகத்திலும் பெரும் செல்வம் சேர்த்து வந்து, இங்கே நிலம் வாங்கியவர். 1802 தேர்தலில் நின்று வாக்காளர்களுக்கு விருந்து வைத்தே பெரும் பணம் செலவழித்தார். 36,901 சாப்பாடு, 25,275 காலன் பீர் என்று கணக்கு இருக்கிறது. அப்படியும் தோற்றார். பிறகு கடற்படைத் தளபதி நெல்சன் நினைவாக இந்தக் கோபுரத்தை எழுப்பினார். வங்காளத்துப் பணம் இப்படி எத்தனை வேல்ஸ் குன்றுகளில் கல்லாகி நிற்கிறதோ என்று எனக்குத் தோன்றியது. கட்டணம் இல்லை. பள்ளத்தாக்கு முழுவதும் ஒரே பார்வையில் விரிவது இங்கிருந்துதான், அதற்காகவே ஏறுங்கள். பாக்ஸ்டனின் தோட்டம் இருந்த இடம் இன்று வேல்ஸ் தேசியத் தாவரவியல் பூங்கா. செடிகொடியில் ஆர்வம் இருந்தால் அரை நாள் கூடுதலாக வையுங்கள்.

ட்ரஸ்லுயின் கோட்டைக்கு மாலையில் போங்கள். சமவெளியின் நடுவே தனியாக எழுந்த ஒரு குன்று, அதன் காலடியில் ஆறு. வண்டியைக் கீழே நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் ஏற வேண்டும். புல் வழுக்கும். ஆடுகள் மேயும் இடம். கதவைத் திறந்தால் மறக்காமல் மூடுங்கள்.

மேலே பெரிதாக எதுவும் நிற்கவில்லை: வட்டக் கோபுரத்தின் அடித்தளம், ஜன்னல் துளையோடு ஒரு சுவர், மண்ணுக்குள் புதைந்த ஒரு சிற்றூரின் மேடு பள்ளங்கள். ஆனால் இந்தப் பயணத்தின் கதை இங்கேதான் தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொண்டு போனால் வெறும் கல்லாகத் தெரியாது.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே இருந்தவர் ரீஸ் அப் மரெடித். தென்மேற்கு வேல்ஸை ஆண்ட டெஹேய்பார்த் அரச குலம். எட்வர்ட் படையெடுத்தபோது, மற்ற உறவினர்கள் எதிர்க்க, இவர் அவன் பக்கம் நின்றார். பரிசாகக் குலத்தின் தலைமைக் கோட்டையான டினெவர் தனக்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை, எட்வர்ட் அதைத் தானே வைத்துக்கொண்டான். சில ஆண்டு பொறுத்த ரீஸ், 1287 ஜூனில் எழுந்து லான்டவரி, டினெவர், காரெக் கென்னென் மூன்றையும் கைப்பற்றினார். ஆகஸ்டில் 11,000 பேருக்கு மேற்பட்ட அரச படை இந்தச் சின்னக் குன்றைச் சூழ்ந்தது. கல்லுமிழ் கவண் என்று பழந்தமிழ் சொல்லும் பொறியின் பேருருவம் ஒன்றைக் கொண்டுவந்து மதிலை அடித்தார்கள். இன்னொரு பக்கம் மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டினார்கள். மதில் திடீரெனச் சரிந்து, பார்வையிட வந்திருந்த அரச படைப் பிரபுக்கள் சிலர் மேலேயே விழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்தது. தப்பியோடிய ரீஸைப் பிறகு பிடித்து, 1292-இல் யார்க் நகரில் கொன்றார்கள்.

மேட்டின் கிழக்கு விளிம்பில் நின்று ஆறு வரும் திசையைப் பாருங்கள். டினெவர் அந்தப் பக்கம்தான், ஆறு கி.மீ. அளவு தொலைவில். அவர் ஆசைப்பட்டது அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

இரண்டாம் நாள்: லான்டேய்லோவும் டினெவரும்

லான்டேய்லோவுக்குள் பாலத்தின் வழியாக நுழையுங்கள். 1848-இல் முடிந்த ஒரே வளைவுக் கல்பாலம். ஏறக்குறைய 44 மீட்டரை ஒரே தாவாகத் தாண்டுகிறது. பாலத்திலிருந்து மேலே பார்த்தால் சரிவில் இளநீலம், மஞ்சள், ரோஜா நிறத்தில் வீடுகள் அடுக்கடுக்காக ஏறுகின்றன.

டேய்லோ தேவாலயத்தில் ஒரு பழைய நூலின் கதை காட்சிக்கு இருக்கிறது. 8-ஆம் நூற்றாண்டின் நற்செய்திச் சுவடி. மூலம் இன்று இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் பேராலயத்தில் இருக்கிறது. கெல்ஹி என்பவர் தம் மிகச் சிறந்த குதிரையைக் கொடுத்து அதை வாங்கி டேய்லோவின் பலிபீடத்தில் வைத்ததாக அதன் ஓரத்தில் எழுதியிருக்கிறது. இன்னொரு ஓரக் குறிப்பு ஒரு நிலத் தகராறின் தீர்ப்பு: ஒரு குதிரையும் மூன்று பசுவும் புதிதாய் ஈன்ற மூன்று பசுவும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். அந்தக் குறிப்பில் லத்தீனோடு கலந்து வருவதுதான் எழுத்தில் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய வேல்ஸ் மொழி வரிகளில் ஒன்று. நம் கோயில் சுவர்களில் நிலத்தையும் ஆட்டையும் பசுவையும் எண்ணி எழுதிய கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தொனி அந்நியமாக இருக்காது.

டினெவருக்கு இரண்டு வழி. காரில் போய் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் பூங்கா வாயிலில் நுழைந்தால் நியூட்டன் ஹவுஸ் மாளிகையையும் பார்க்கலாம்; அதற்குக் கட்டணம் உண்டு. நான் சொல்வது இரண்டாம் வழி: ஊரின் மேற்குப் பக்கமுள்ள பென்லான் பூங்காவிலிருந்து கோட்டைக்காடு வழியாக நடப்பது. பழைய கருவாலி மரங்கள், மே மாதத்தில் தரையெங்கும் நீலமணிப் பூக்கள், நடுவே மரங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சிறிய தேவாலயம். முக்கால் மணி நேரம் நிதானமாக நடந்தால் கோட்டை.

இதுதான் டெஹேய்பார்த் அரசர்களின் இருக்கை. அவர்களில் பெரியவர் ரீஸ் அப் கிரிஃபித். 1176 கிறிஸ்துமஸில் கார்டிகன் கோட்டையில் புலவர்களையும் இசைவாணர்களையும் கூட்டிப் போட்டி வைத்து, சிறந்த புலவருக்கு ஒரு நாற்காலியும் சிறந்த இசைவாணருக்கு ஒரு நாற்காலியும் பரிசளித்தார். இன்றும் வேல்ஸ் கொண்டாடும் ஐஸ்டெத்வொட் கலைவிழாவின் முதல் பதிவு அது. 1197-இல் அவர் இறந்தபின் பிள்ளைகள் நாட்டுக்காக மோதிக்கொண்டு குலத்தையே நலிய வைத்தார்கள். ட்ரஸ்லுயினில் நேற்று பார்த்தது அந்தப் பிளவின் கடைசிப் பக்கம்.

நடுவிலுள்ள வட்டக் கோபுரத்தின் உச்சியைக் கவனியுங்கள். கீழே தடித்த போர்க்காலச் சுவர். மேலே மட்டும் அகன்ற ஜன்னல்களின் எச்சம். பின்னாளில் அரண் தேவையில்லாமல் போனதும், நியூட்டன் ஹவுஸில் வாழ்ந்தவர்கள் அதன் தலையில் ஒரு கோடை மாளிகையைக் கட்டிக் காற்று வாங்கினார்கள். மதில்மேல் ஏறி நடக்கலாம். கீழே ஆறு வளைந்து வளைந்து போகிறது. அது கைவிட்ட பழைய வளைவுகள் குதிரை லாட வடிவில் குட்டைகளாகக் கிடக்கின்றன.

இறங்கி வரும்போது வெள்ளை மாடுகளைப் பாருங்கள். உடல் முழுக்க வெள்ளை. காதும் மூக்கும் மட்டும் கறுப்பு. பழைய வேல்ஸ் சட்டத்தில், டினெவர் அரசனை அவமதித்தால் தண்டம் மாடுதான்: ஒன்றின் தலை மற்றொன்றின் வாலைத் தொட, அரண்மனை வரை வரிசையாக நிற்கும் அளவு செங்காது வெள்ளைப் பசுக்கள். செல்வத்தை ஆநிரையாக எண்ணிய காலம் அங்கும் இருந்திருக்கிறது. மாடுகளுக்கு அருகே கன்று இருந்தால் விலகிப் போங்கள். நாயைக் கூட்டிக்கொண்டு கிட்டே போகவே வேண்டாம்.

மூன்றாம் நாள் காலை: காரெக் கென்னென்

ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் என்றால் இதற்கு வாருங்கள். லான்டேய்லோவிலிருந்து ஏழு கி.மீ. அளவு, ட்ராப் என்ற சிற்றூர் வழி. கென்னென் என்ற துணையாற்றுக்கு மேல் செங்குத்தாக 90 மீட்டர் எழும் சுண்ணாம்புப் பாறை. அதன் விளிம்பிலேயே மதில்.

வண்டி நிற்பது ஒரு பண்ணை முற்றத்தில். 1960-களில் அந்தப் பண்ணையை விற்ற பிரபுவின் பத்திரத்தில் தவறுதலாகக் கோட்டையும் சேர்ந்துபோய், விவசாயக் குடும்பத்துக்குக் கோட்டை சொந்தமானது. பராமரிப்பு காடூவின் பொறுப்பு. டிக்கெட் எடுத்து, மேய்ச்சல் நிலத்தின் ஊடே கால் மணி நேரம் ஏறுங்கள்.

இன்று நாம் பார்க்கும் கற்கோட்டை, எட்வர்ட் வென்றபின் அவன் தளபதி ஜான் கிஃபர்டுக்குக் கொடுத்ததற்குப் பிறகு எழுந்தது. நுழையும் பாதையை நிதானமாகப் பாருங்கள்: நேராகப் போக முடியாத சாய்தளம், திருப்பங்கள், நடுநடுவே பலகைப் பாலம் போட்டு எடுத்த குழிகள். உள்ளே வர நினைத்த ஒவ்வொருவரையும் சில நிமிடம் மதிலுக்குக் கீழே நிற்கவைக்கும் திட்டம் அது. 1462-இல் இந்தக் கோட்டையை யாரும் மீண்டும் பயன்படுத்தக் கூடாது என்று 500 ஆட்களை ஏவிக் கடப்பாரையால் இடிக்கவைத்தார்கள். கூலிக் கணக்கு சுமார் 28 பவுண்டு. அவர்களாலும் முழுவதும் இடிக்க முடியவில்லை.

இப்போது கைவிளக்கு. உள்முற்றத்தின் தென்கிழக்கு மூலையில் படிகள் கீழே இறங்குகின்றன. முதலில் பாறை விளிம்பை ஒட்டிய வளைகூரை நடை. சின்னத் துளைகள் வழியே வெளிச்சம் கோடு கோடாக விழும். அது முடிந்ததும் கல் கட்டுமானம் நின்று, இயற்கைக் குகை தொடங்குகிறது. நான் முதல் முறை போனபோது கைபேசி வெளிச்சத்தை நம்பி இறங்கினேன், பத்தடியில் திரும்பிவிட்டேன். தரை ஈரம், கால் எங்கே படுகிறது என்று தெரியவில்லை. இரண்டாம் முறை நல்ல விளக்கோடு போனேன். சுவரில் சுண்ணாம்பு வழிந்து உறைந்து மெழுகுபோல் மின்னியது. கடைசியில் உள்ளங்கை நிறைக்கும் அளவு நீர் தேங்கிய ஒரு பள்ளம். மேலிருந்து சொட்டும் ஓசையைத் தவிர வேறு சத்தமில்லை. விளக்கை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். குழந்தைகளோடு போனால் கையை விடாதீர்கள். மூட்டு வலி உள்ளவர்கள் வளைகூரை நடையோடு நின்றுவிடலாம். அதுவே நிறைவாக இருக்கும்.

மூன்றாம் நாள் மாலை: லான்டவரி

ரயிலிலோ ஏ40 வழியாகவோ லான்டவரிக்கு. வேல்ஸ் மொழியில் லான்அம்தவ்ரி, 'நீர்களின் நடுவே தேவாலயம்'. ஆறுகள் கூடும் இடம். மற்ற இரண்டு ஊர்களைப் போல் அழகுக்காக வரும் ஊர் இது இல்லை. மாட்டு வணிகர்களின் ஊர்.

ரயில் வருவதற்கு முன்னால் வேல்ஸ் மலைகளில் வளர்ந்த கறுப்பு மாடுகளை லண்டன் பக்கத்துச் சந்தைகள் வரை நடத்தியே கொண்டுபோனார்கள். வழிக்கல் குத்தாமலிருக்க மாட்டுக் குளம்பின் இரு பிளவுக்கும் தனித்தனியே, மாடொன்றுக்கு எட்டு லாடம். வாத்துகளைத் தாரிலும் மணலிலும் நடக்கவிட்டு, காலில் செருப்புப் போல் ஒட்டவைத்தார்கள். போகும்போது மாடு, திரும்பும்போது ஊரார் எல்லோருடைய பணம். வழிப்பறி பயத்தால் பணத்தைச் சுமக்காமல் தாளாக மாற்றும் தேவை வந்தது. அதனால் 1799-இல் டேவிட் ஜோன்ஸ் என்ற மாட்டு வணிகர் இங்கே ஒரு வங்கியைத் தொடங்கினார். பெயர் 'கறுப்பு எருது வங்கி'. நோட்டில் அரசர் முகம் இல்லை, எருதின் படம். விவசாயிகள் அதை நம்பினார்கள். 1909-இல் அது லாயிட்ஸ் வங்கியில் சேர்ந்தது. வங்கி தொடங்கிய கிங்ஸ் ஹெட் விடுதிக் கட்டடம் சந்தைச் சதுக்கத்தை ஒட்டி இன்றும் நிற்கிறது.

சதுக்கத்திலிருந்து கோட்டை மேட்டுக்கு சில நிமிடம். இங்கிலாந்தை வென்று ஆண்ட நார்மன்கள் 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. இப்போது உடைந்த சுவர் கொஞ்சம் மட்டும். மேட்டில் ஐந்து மீட்டர் உயரமான ஒரு வீரன் துருப்பிடிக்காத எஃகில் நிற்கிறான். கிட்டே போய்த் தலையைப் பாருங்கள்: தலைக்கவசம் உண்டு, முகம் இல்லை. போர்வை மடிப்பு மடிப்பாக விழுகிறது, உள்ளே உடல் இல்லை. அவர் லிவெலின் அப் கிரிஃபித் வாகன். 1401-இல் ஓவெய்ன் கிளின்டூரைத் தேடிவந்த நான்காம் ஹென்றியின் படைக்கு வழிகாட்டுவதாகச் சொல்லி, வேண்டுமென்றே வேறு திசைகளில் அலைக்கழித்தார். உண்மை தெரிந்ததும் அரசன் முன்னிலையில் இந்த ஊரில் வைத்துச் சித்திரவதை செய்து கொன்றார்கள். ஊர் மக்கள் அவருக்குச் சிலை எடுத்தது 2001-இல், அறுநூறு ஆண்டு கழித்து. அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்கு எந்தப் படமும் இல்லை. அதனால் சிற்பிகள் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்கள். மாலையில் மேற்கு வெயில் அந்த எஃகில் பட்டு, வெற்றுக் கவசத்துக்குள்ளும் கொஞ்சம் வெளிச்சம் நுழைகிறது.

ரயில் நிலையம் அங்கிருந்து பத்து நிமிட நடை. கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்திருப்பீர்கள். அதற்கு அரை மணி நேரம் முன்னால் மேட்டிலிருந்து இறங்கிவிடுங்கள்.